நர்சம்மா பெயரைச் சொல்லி ஒரு மனு: எங்கள் ஊர் கிராம சபைக்கு ஒரு திறந்த மடல்

அக்டோபர் 2 அன்று பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் கிராம சபைக்குக் கூடவிருக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும், மகளிர் குழு அத்தைமார்களுக்கும், என்னோடு படித்தவர்களுக்கும் வணக்கம்.

நான் நர்சம்மா மகள். என் பெயரை எழுதினால் உங்களில் பாதிப் பேருக்கு யாரென்று விளங்காது. இப்படிச் சொன்னால் போதும். திருச்சியில் வேலை. புதுக்கோட்டைக்கு பஸ் பிடித்து, அங்கிருந்து டவுன் பஸ் மாறி, மாதம் ஒரு தடவை ஊருக்கு வருகிறேன். போன மாதம் வந்திறங்கியதும் டீக்கடையில் இரண்டு காகிதங்களைக் கையில் கொடுத்தார்கள். ஒன்று, அம்மாவுக்கு நீங்கள் எடுக்கவிருக்கும் பாராட்டு விழாவின் நோட்டீஸ். இன்னொன்று, புதிதாக வந்திருக்கும் கிராம சுகாதார செவிலியரை மாற்றக் கோரி கிராம சபையில் தீர்மானம் போடுவதற்கான மனு. இரண்டிலும் அம்மாவின் பெயர் இருந்தது.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் எழுந்துபோகிறவர்கள் நம் ஊரில் அதிகம். அந்த மனுவைத் திரும்பப் பெறுங்கள். விழாவைப் பற்றி அப்புறம் பேசலாம்.

"முன்பிருந்த செவிலியர் 33 ஆண்டுகள் இரவு பகல் பாராமல் இவ்வூரிலேயே தங்கித் தொண்டாற்றினார். தற்போதுள்ளவரோ மாலை ஐந்து மணிப் பேருந்துக்குச் சென்றுவிடுகிறார்" என்கிறது மனு. எழுதிக்கொடுத்தவர் நம் தமிழாசிரியராகத்தான் இருக்கவேண்டும். ஒற்றுப்பிழை ஒன்றுகூட இல்லை. பிழையெல்லாம் விஷயத்தில் இருக்கிறது.

அம்மா 1989-இல் வேலையில் சேர்ந்தார். 1991-இல் நம் ஊருக்கு மாற்றலாகி வந்தபோது இடுப்பில் நான் இருந்தேன். கூடவே அப்பா, அப்பத்தா, ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பம்ப் ஸ்டவ். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது அரசாங்கக் கணக்கு. நம் ஊரையும் சுற்றியுள்ள ஆறு குடியிருப்புகளையும் கூட்டினால் அந்தக் கணக்கு வரும். கட்டடம் எந்தத் தெருவுக்குப் பக்கத்தில் வரவேண்டும் என்று நீங்கள் இரண்டு வருடம் மல்லுக்கு நின்று, கடைசியில் எந்தத் தெருவுக்கும் பக்கமில்லாமல் கண்மாய்க்கரையில் கட்டவைத்தீர்கள். முன்னால் ஒரு திண்ணை, ஊசி போட ஒரு அறை, பின்பக்கம் குடியிருப்பு என்ற பெயரில் இன்னொரு அறை. சுற்றுச்சுவர் கிடையாது. குழாய் கிடையாது. இன்றைக்கும் கிடையாது.

அந்தக் காலத்தில் புதுக்கோட்டை மாவட்டமே அறிவொளி இயக்கத்தில் கிறங்கிக் கிடந்தது. ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தார். எழுத்தோடு நிற்காமல் பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு. பெண்கள் ஆண்கள் சைக்கிளிலேயே ஏறி, முன்பாரில் பிள்ளையை உட்காரவைத்துக்கொண்டு போனார்கள். அப்பா வாடகை சைக்கிள் கடை போட்டது அப்போதுதான். அம்மா அந்தக் கடையின் சைக்கிளில் தானும் பழகி, சாயங்காலங்களில் கண்மாய்க்கரையில் மற்றவர்களையும் பழக்கினார். ஐம்பதைத் தாண்டிய அத்தைமார்கள் சிலர் முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தழும்பு அங்கே விழுந்து வாங்கியது. டிங்சர் தடவியவரும் அம்மாதான்.

இரவில் அரிக்கேன் விளக்கில் வகுப்பு. அம்மாவுக்கு பாடப்புத்தகத்தின் மேல் பெரிய நம்பிக்கை இல்லை. முதலில் பிள்ளையின் பிறந்த தேதியை எழுதப் பழக்கினார். அடுத்ததாக மாத்திரை அட்டையில் அச்சிட்டிருக்கும் காலாவதித் தேதியைப் படிக்கச் சொன்னார். இந்த வேலைக்குச் சம்பளம் கிடையாது. அலுவலகத்தில் கேட்டால் "உன்னை யார் செய்யச் சொன்னது" என்பார்கள். மனுவில் தொண்டு என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல் பொருந்துவது இதற்குத்தான். மீதியெல்லாம் வேலை. அதைத் தொண்டு என்று சொன்னால் அம்மாவுக்குக் கோபம் வரும்.

அன்றைக்கு நம் பக்கத்தில் பெரும்பாலான பிரசவங்கள் வீட்டில்தான். ஊர் மருத்துவச்சிக் கிழவியை விரட்டாமல், பக்கத்தில் உட்காரவைத்து ஐந்து சுத்தத்தைப் பழக்கினார் அம்மா: கை சுத்தம், படுக்கும் இடம் சுத்தம், பிளேடு சுத்தம், கட்டும் நூல் சுத்தம், தொப்புள்கொடியின் மேல் எதையும் அப்பாமல் இருக்கும் சுத்தம். கருக்கரிவாளால் கொடி அறுத்து, மேலே சாம்பல் வைத்த வீடுகள் நம் ஊரில் இருந்தன. அந்தப் பிள்ளைகளுக்கு ஏழாம் நாள், எட்டாம் நாள் தாடை இறுகும். பால் குடிக்காமல் உடம்பு விறைத்துப்போகும். ரணஜன்னி. காத்து கருப்பு அடித்துவிட்டது என்று புதைத்தவர்கள் உண்டு. கர்ப்பிணிக்கு இரண்டு தடுப்பூசியும் ஒரு புது பிளேடும் இருந்தால் அந்தக் காத்து கருப்பு அண்டாது என்பதை நிரூபிக்க அவருக்கு ஐந்தாறு வருடம் பிடித்தது. பச்சிளம் குழந்தைகளைக் கொல்லும் இந்த நோய் இந்தியாவில் கட்டுக்குள் வந்துவிட்டதாக 2015-இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. வீட்டில் அந்தச் செய்தியை நான் வாசித்துக் காட்டியபோது அம்மா பதிவேட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். "சரி" என்றார்.

1997 ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி. எனக்கு ஏழு வயது. அப்பா புதுக்கோட்டைக்கு உதிரி பாகம் வாங்கப் போயிருந்தார். அப்பத்தாவுக்குக் காய்ச்சல். கிழக்குக் குடியிருப்பிலிருந்து ஆள் ஓடிவந்தார்: பிள்ளை பிறந்துவிட்டது, ரத்தம் நிற்கவில்லை. டார்ச் பிடிக்க ஆள் வேண்டும் என்பதால் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு ஓடினார். மூன்று செல் டார்ச். அந்த வீட்டுத் தரையில் கோரைப்பாய் நனைந்து கறுப்பாகத் தெரிந்தது. அம்மா மெத்தர்ஜின் ஊசியைப் போட்டுவிட்டு, அந்த அக்காவின் அடிவயிற்றில் கையை அழுத்தி, மாவு பிசைவதுபோல விடாமல் பிசைந்தார். கர்ப்பப்பை சுருங்கினால்தான் ரத்தம் நிற்கும். கையை எடுத்தால் மறுபடி தளர்ந்துவிடும். இதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது, வெளிச்சம் அம்மாவின் கையைவிட்டு நகரக்கூடாது என்பது மட்டும்தான். கல்குவாரிக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு ஜல்லி லாரியை ரோட்டில் மறித்து நிறுத்தினார்கள். பின்பக்கத் தகரத்தில், தார்ப்பாய்க்கு அடியில், 28 கிலோமீட்டர் தூரமும் அம்மா கையை எடுக்கவில்லை. நடுவில் நான் கண்ணசந்து டார்ச் சாய்ந்தபோது, "வெளிச்சம்!" என்று ஒரு சத்தம் போட்டார். இன்றைக்கும் தூக்கத்தில் அந்தக் குரல் கேட்டு எழுந்திருக்கிறேன்.

பெரியாஸ்பத்திரியில் ரத்தம் கேட்டார்கள். வீட்டார் வகை பொருந்தவில்லை. லாரி கிளீனருடையது பொருந்தியது. அவர் எந்த ஊர்க்காரர் என்பதுகூட நமக்குத் தெரியாது. அந்த அக்கா பிழைத்தார். அன்று பிறந்த பிள்ளைதான் நம் ஊர் மேல்நிலைத் தொட்டியின் ஆப்பரேட்டர். காலை ஆறு மணிக்கு எல்லாத் தெருவுக்கும் தண்ணீர் திறந்துவிடுகிறார். சுகாதார நிலையத்துக்குத் தண்ணீர் வருவதில்லையே என்று அவரைக் குறை சொல்ல முடியாது. குழாயே பதிக்காத இடத்துக்கு அவர் எப்படித் திறந்துவிடுவார்?

ஊர் திரும்பிய மறுவாரமே அம்மா ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். வாலிபர்களைப் பிடித்து டவுனுக்கு அழைத்துப்போய் ரத்த வகை பார்க்கவைத்து, பெயர், வகை, கடைசியாகக் கொடுத்த தேதி என்று எழுதிவைத்தார். அந்த நோட்டு இன்றும் அலமாரியில் இருக்கிறது, நான்காவது பாகமாக. மனுவில் கையெழுத்துப் போட்டவர்களில் பலரின் பெயர் அதில் உண்டு. ரத்தம் கொடுத்தவர்கள்தான் நீங்கள். இந்த மடலை எழுதுகிற தைரியம் அதனால்தான் வருகிறது.

நல்லதை மட்டுமே எழுதினால் இதுவும் இன்னொரு நோட்டீஸ் ஆகிவிடும். உங்களில் சிலர் அம்மாவை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள். காரணமும் இருந்தது. 1996 வரை குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு ஆளுக்கு இத்தனை கேஸ் என்று மேலிருந்து இலக்கு வைப்பார்கள். பிப்ரவரி, மார்ச் வந்துவிட்டால் அம்மா நடக்கிற நடையே மாறிவிடும். மூன்றாவது பிள்ளை பெற்ற வீட்டுக்கு நாள் தவறாமல் போய் நிற்பார். "ஆள் பிடிக்க வந்துவிட்டாள்" என்று காதுபடப் பேசினீர்கள். அது சரி என்று அம்மாவும் ஒரு நாள் ஒப்புக்கொண்டார்: "இரண்டு பேரிடம் கொஞ்சம் அதிகமாகவே நெருக்கிவிட்டேன்." அந்த இரண்டு பேர் யாரென்று என்னிடம் சொல்லவில்லை. அந்த ஆண்டு இலக்கு முறையை எடுத்தபோது, நிம்மதியாகச் சாப்பிட்டார்.

பதவி உயர்வு வந்தும் வேண்டாம் என்றாராம், ஊரின் மேல் அவ்வளவு பாசமாம். நோட்டீஸில் அப்படி அடித்திருக்கிறீர்கள். உள்ளதைச் சொல்கிறேன். பகுதி சுகாதார செவிலியராகப் போயிருந்தால் வேறு ஊர். அப்பத்தா படுத்த படுக்கையாக இருந்தார், நான் பத்தாம் வகுப்பு. அதனால் எழுதிக்கொடுத்துவிட்டு வந்து, அன்று இரவு சமையற்கட்டில் உட்கார்ந்து அழுதார். வேறு வழி இல்லாததைப் பாசம் என்று அச்சடிக்காதீர்கள்.

ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் தேதி பிசகாமல் ஊசி போட்டவர், என் ஐந்து வயது பூஸ்டரை நான்கு மாதம் மறந்தார். 1995 கடைசியில் நாடு முழுக்கப் போலியோ சொட்டு மருந்து தொடங்கியது. பிற்பாடு வீடு வீடாகப் போய்க் கொடுத்தபோது, ஒவ்வொரு வாசலிலும் சாக்பீஸால் குறி போட்டுக்கொண்டு போவார். எல்லாப் பிள்ளைக்கும் கொடுத்தாயிற்று என்றால் 'பி', விடுபட்டால் 'எக்ஸ்'. எனக்கு அம்மை போட்டிருந்த வருடம் எங்கள் வாசலில் யாரோ விளையாட்டாக 'எக்ஸ்' போட்டுவிட்டுப் போனார்கள். அம்மா அதை ஒரு வாரம் அழிக்கவில்லை. இதைத் தியாகம் என்று மேடையில் பேசுவீர்கள். எனக்கு அன்றைக்கு அம்மா வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

இனி ஐந்து மணி பஸ்ஸுக்கு வருகிறேன்.

அம்மா ஏன் ராத்திரி தங்கவேண்டியிருந்தது? பிரசவம் வீட்டில் நடந்தது, வண்டி கிடையாது. இன்று அப்படியா? 2008 செப்டம்பரில் 108 ஆம்புலன்ஸ் வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஸ்டாஃப் நர்சுகள் முறை வைத்து இரவிலும் இருக்கிறார்கள். 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவம் ஆஸ்பத்திரியில் நடக்கிறது. 2018-20 கணக்கில், ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புக்கு நாடு முழுவதும் 97 தாய்மார் இறந்தபோது தமிழ்நாட்டில் 54. கர்ப்பிணியைப் பன்னிரண்டு வாரத்துக்குள் பதிவு செய்து, அரசின் கர்ப்பிணிப் பதிவான பிக்மியில் எண் வாங்கி, ரத்தசோகையைக் கண்டுபிடித்து, சிக்கல் வரும் என்று தெரிந்தவரை முன்கூட்டியே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பியவர்கள் அம்மா மாதிரியானவர்கள்தான். நடுராத்திரியில் நர்சைத் தேடி யாரும் ஓடிவரத் தேவையில்லாத ஊராக்குவதற்கு அம்மா முப்பத்து மூன்று வருடம் பாடுபட்டார். அது நடந்தேவிட்டது. நடந்தபிறகு, ராத்திரி தங்கவில்லை என்று அடுத்தவர்மேல் அவர் பெயரிலேயே மனுப் போடுகிறீர்கள்.

அந்தப் பெண்ணின் ஒரு நாளை நான் பார்த்தேன். ஒரு புதன்கிழமை, தடுப்பூசி நாள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்த் தடுப்பூசிப் பெட்டியை வாங்கி, நான்கு ஐஸ் பேக் நடுவில் மருந்தை அடுக்கிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு குப்பியையும் வெளிச்சத்தில் தூக்கி, மேலே ஒட்டியிருக்கும் வட்டத்துக்குள் சதுரம் கறுத்திருக்கிறதா என்று பார்த்தார். கறுத்திருந்தால் சூடு பட்டுவிட்டது, போடக்கூடாது. தட்டம்மை குப்பியைத் திறந்தால் நான்கு மணி நேரம்தான் கணக்கு. திறந்த நேரத்தை லேபிளில் எழுதினார். அம்மாவும் இப்படித்தான் எழுதுவார். ஊசி முடிந்ததும் போனை எடுத்து, தடுப்பூசிக் கணக்கைப் பதியும் யூ-வின்னில் ஒவ்வொரு பிள்ளையாக ஏற்றினார். சிக்னல் இல்லை. கண்மாய்க்கரை மேட்டில் ஏறி நின்று, போனைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு ஏற்றினார். அதைத்தான் மனுவில் "எந்நேரமும் கைப்பேசியில் மூழ்கியிருக்கிறார்" என்று எழுதியிருக்கிறீர்கள்.

முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டப் பணம் ஏறவில்லை என்றும் அவரைத்தான் திட்டுகிறீர்கள். 1987-இல் 300 ரூபாயாகத் தொடங்கியது, 18,000 ரூபாய் ஆகியிருக்கிறது. எந்தக் காலத்திலும் நர்ஸ் அதைத் தன் பையிலிருந்து கொடுத்ததில்லை, தாமதப்படுத்தியதும் இல்லை. அம்மாவையும் இதே திட்டுத் திட்டினீர்கள். ஓய்வு பெற்றதும் தெய்வமாகிவிட்டார்.

ஊரில் தங்கவேண்டும் என்பது விதி என்கிறீர்கள். ஒப்புக்கொள்கிறேன். இருட்டியபிறகு மூச்சு வாங்கும் கிழவர்களுக்குப் பக்கத்தில் ஒரு நர்ஸ் இருப்பது எவ்வளவு தெம்பு என்பதும் எனக்குத் தெரியும். எங்கே தங்குவார்? அந்தக் குடியிருப்பின் கூரைக் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது. கழிவறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இல்லை. பொழுது சாய்ந்தால் அந்தத் திண்ணை யாருடையது என்று உங்களுக்கே தெரியும். காலையில் காலி பாட்டில்களைப் பொறுக்கிய பிறகுதான் அவர் பதிவேட்டைத் திறக்கிறார். நாங்களே 2004-இல் அங்கிருந்து கிளம்பி அப்பா கட்டிய வீட்டுக்கு வந்துவிட்டோம். முப்பத்து மூன்று வருடமும் அந்த அறையில் அம்மா தவம் இருந்ததுபோல எழுதியிருக்கிறீர்களே, இருபது வருடம் சொந்த வீட்டில் இருந்தவர் அவர்.

புதியவர் வாடகைக்கு வீடு கேட்டு மூன்று வாசல் ஏறியிருக்கிறார், எட்டு மாதக் கைக்குழந்தையோடு. கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில். ஒரு வீட்டில் மூன்று மடங்கு முன்பணம் கேட்டார்கள். ஒரு வீட்டில், புருஷன் கூட இல்லாமல் தனியாக இருக்கும் பெண்ணுக்கு வீடு இல்லை என்றார்கள். இன்னொரு வீட்டில், "நீங்கள் எந்த ஆட்கள்?" என்று கேட்டார்கள். பதில் சொன்னாராம். வீட்டைச் சொந்தக்காரர்களுக்குப் பேசி வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். அந்த வீடு இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது. மூன்று வீட்டாரும் மனுவில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

மனுவை அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை வாசித்தார். மடித்து, ரத்த நோட்டுக்குள் வைத்தார். அடுத்த புதன்கிழமை காலை எட்டு மணிக்குப் புடவையை மாற்றிக்கொண்டு கிளம்பினார். கேட்டதற்கு, "அந்தப் பிள்ளை தடுப்பூசிப் பெட்டியைத் தூக்குமா, கைக்குழந்தையைத் தூக்குமா?" என்றார். இப்போது புதன்தோறும் அந்தக் குழந்தை திண்ணையில் அம்மாவின் மடியில் இருக்கிறது. பார்த்திருப்பீர்கள்.

ஆகவே கிராம சபையில் என் சார்பில் இதைப் பதிவு செய்யுங்கள். மனு திரும்பப் பெறப்படவேண்டும். மேல்நிலைத் தொட்டியிலிருந்து சுகாதார நிலையத்துக்கு இருநூறு மீட்டர் குழாய், கண்மாய்க்கரை வளைவில் ஒரு விளக்கு, கழிவறைக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள். கட்டடத்தைச் செப்பனிடத் தனித் தீர்மானம் போட்டு மேலே அனுப்புங்கள். அது நடக்கும்வரை தங்க, எங்கள் வீட்டு முன்னறையைக் கொடுப்பதாக அம்மா சொல்லிவிட்டார். வாடகை வாங்குவார், இனாமாக அல்ல. இனாமாகக் கொடுத்தால் அதற்கும் ஒரு நோட்டீஸ் அடித்துவிடுவீர்கள்.

விழாக்குழுவினர் மோதிரத்துக்கு விரல் அளவு கேட்டு அனுப்பியிருந்தீர்கள். அம்மாவுக்குக் கைவிரல் மூட்டெல்லாம் வீங்கியிருக்கிறது. எந்த மோதிரமும் உள்ளே இறங்காது. வசூலான பணம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. டவுனில் பிளம்பரிடம் விசாரித்துவிட்டேன். ஒன்றேகால் இஞ்சுக் குழாய் போதுமாம்.